ஃபெபியின் தட்டு

சாம்பாரைப் படம் எடுப்பது லேசான காரியம் இல்லை, மேடம். போட்ட காயெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே மஞ்சளாக ஒரு குட்டைதான் தெரியும். அதற்கு, கிண்ணத்துக்குள்ளே சின்னக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்துவைத்து, அதன்மேல் முருங்கைக்காயையும் கத்தரிக்காயையும் அடுக்கிவிட்டு, பக்கவாட்டில் மெதுவாகச் சாம்பாரை ஊற்ற வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பல தடவை சொதப்பி நானே கண்டுபிடித்தேன். நீங்கள் எல்லாவற்றையும் முதலில் இருந்து சொல்லச் சொன்னீர்கள். யோசித்துப் பார்த்தால் முதல் என்பது அங்கேதான் இருக்கிறது.

ஒரகடத்தில் கார் பம்பர் செய்கிற ஒரு கம்பெனியில், பெயிண்ட் ஷாப்பில் கடைசி இன்ஸ்பெக்‌ஷன் என் வேலை. வரிசையாக டியூப்லைட் எரிகிற அறைக்குள் பம்பர் ஒவ்வொன்றாக நகர்ந்து வரும். அதன்மேல் வெளிச்சம் எந்த இடத்தில் நெளிகிறது என்று பார்த்தால் போதும், உள்ளே தூசி இருக்கிறதா, பெயிண்ட் வழிந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். "பென்சன் கண்ணுக்குத் தப்பாதுடா" என்று சூப்பர்வைசரே சொல்வார். பிறகு அந்த அறையில் கேமரா மாட்டினார்கள். என் கான்ட்ராக்ட்டை நீட்டிக்கவில்லை. அதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேமராவுக்கு டீ பிரேக் வேண்டாம்.

ஃபெபி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில், ஃபர்ஸ்ட் ஷிப்ட். பென்னலூரில் ராஜாமணி அக்கா வீட்டு மாடியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். ஃபெபிக்குப் பள்ளிக்கூடம் படிக்கும்போதே சர்க்கரை. மாத்திரையில் அடங்குகிற வகை இல்லை, உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை. ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்கு முன்பும் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஊசி போட்டுவிட்டால் கொஞ்ச நேரத்தில் சாப்பிட்டாக வேண்டும். சாப்பிடாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். முதலில் வியர்க்கும், கை நடுங்கும், அப்புறம் பேச்சு குழறி உளறலாகும். அந்த நேரத்தில் வாயில் கொஞ்சம் சர்க்கரை போட்டால் சரியாகிவிடும். கல்யாணமான புதிதில் ஆஸ்பத்திரி நர்ஸ் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து இதைச் சொல்லிக்கொடுத்தார். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். தெரியாது என்று நான் சொல்லப் போவதில்லை.

வேலை போனதும் சமையலை நான் எடுத்துக்கொண்டேன். அதுவரை அவள் கேன்டீன் சோற்றைச் சாப்பிட்டு ஊசி அளவைக் கூட்டிக் குறைத்து அல்லாடிக்கொண்டிருந்தாள். நான் வெள்ளை அரிசியை நிறுத்தினேன். வரகு, சாமை, கொள்ளு, வாழைத்தண்டு, கீரை என்று மாற்றினேன். கம்பெனி பஸ் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் அவள் ஊசி போட்டுக்கொள்வாள். பென்னலூரில் இறங்கி, நடந்து வந்து, கைகால் கழுவி உட்காரும்போது தட்டு தயாராக இருக்கும். இந்த ஏற்பாடும் என்னுடையதுதான். சில மாதத்தில் அவள் முகமே தெளிந்துவிட்டது. டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சாப்பிடும் முன் ஜெபம் பண்ணுவது எங்கள் வழக்கம். நான்தான் சொல்வேன். "ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம்" என்று நான் ஆரம்பித்ததும் ஃபெபி கண்ணை மூடுவாள். முடித்ததும் ஆமென் சொல்வாள். அவள் அப்பா வீட்டிலும் அப்படித்தான், அப்பா வாயைத் திறக்கும்வரை பிள்ளைகள் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். சோற்றுக்கு முன்னால் காத்திருப்பது அவளுக்குப் பழக்கம்தான்.

படம் எடுப்பது தற்செயலாக வந்தது. சர்ச் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், ஃபெபிக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தார். பதிலுக்கு அன்றைய தட்டைப் போனில் எடுத்து அனுப்பினேன். வரகரிசிச் சோறு, முருங்கைக்கீரைப் பொரியல், புடலங்காய்க் கூட்டு. "இப்படி ஒரு வீட்டுக்காரர் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்கணும்" என்று வரிசையாக வந்து விழுந்தது. வேலை போன பிறகு, அந்த டாக்டரைத் தவிர, என்னைப் பற்றி ஒருவர் நல்ல வார்த்தை சொன்னது அன்றைக்குத்தான். அதை எத்தனை தடவை திறந்து படித்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கினேன். 'ஃபெபியின் தட்டு' என்று பெயர் வைத்தேன். பழைய கேமரா ஒன்று வாங்கினேன். என் வேலையைக் கேமரா எடுத்துக்கொண்டது, நான் ஒரு கேமராவை எடுத்துக்கொண்டேன், கணக்கு சரி. கம்பெனியில் பார்ட்ஸ் சுற்றி வரும் தெர்மாகோல் அட்டையை ஜன்னலுக்கு எதிரே நிறுத்தினால் நிழல் மட்டுப்படும். கறுப்பு சார்ட் பேப்பரைப் பின்னால் வைத்தால் ஆவி எழும்புவது தெரியும். கீரையை முக்கால் வேக்காட்டில் இறக்கினால்தான் பச்சை நிற்கும். பீர்க்கங்காய்க் கூட்டு உடம்புக்கு எவ்வளவோ நல்லது, ஆனால் படத்தில் அது ஒரு பாவப்பட்ட ஜென்மம். அதை நிறுத்திவிட்டேன். ஃபெபிக்குப் பீர்க்கங்காய் பிடிக்கும்.

எங்கள் வீட்டில் நல்ல வெளிச்சம் மேற்கு ஜன்னலில் மட்டும்தான் வரும், அதுவும் அவள் ஷிப்ட் முடிந்து வருகிற அதே நேரத்துக்கு. அது என் குற்றம் இல்லை. ஜெபத்துக்கு முன்னால் படம் என்று வைத்துக்கொண்டோம். ஜெபம் முடிந்துவிட்டால் சாப்பிட வேண்டுமே.

"இன்னாங்க, ஊசி போட்டுகினு வந்துட்டேன். சீக்கிரம் குடுங்க" என்பாள்.

"ரெண்டே நிமிஷம்மா. வெளிச்சம் போய்டும்" என்பேன்.

அவள் சரிங்க என்பாள். இரண்டு நிமிஷம் என்பது இரண்டு நிமிஷமாக இருந்த நாட்களும் உண்டு.

அவள் கை அழகான கை. போர்டில் சின்னச் சின்னச் சில்லுகளைப் பொருத்திப் பழகிய விரல்கள். கிண்ணத்தை அவள் பிடித்திருப்பதுபோல் எடுத்த படங்களுக்கு வந்த வரவேற்பு வெறும் தட்டுக்கு வரவில்லை. அதனால் அவளையே உட்காரவைத்து எடுக்க ஆரம்பித்தேன். முகத்தைக் காட்ட மாட்டேன். முகம் வந்தால் ஜனங்கள் சாப்பாட்டைப் பார்க்க மாட்டார்கள்.

ஒரு நாள் ராஜாமணி அக்கா காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்கு வந்தவர் வாசலில் நின்று பார்த்துவிட்டார். "இன்னாப்பா பென்சன், அந்தப் பொண்ணு எட்டு மணி நேரம் நின்னுகினு வேல செஞ்சிட்டு வருது. சோத்த முன்னாடி வெச்சிகினு துன்ன வுடாம குந்த வெச்சிருக்கியே" என்றார்.

ஃபெபிதான் பதில் சொன்னாள். "அவருக்கு இது ஒண்ணுதாங்க்கா இருக்குது. இருக்கட்டும்."

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. பரிதாபப்பட்டு விட்டுக்கொடுக்கிறாள் என்று தெரிந்தது. அவள் சம்பளத்தில் அரிசி வாங்கினோம், அவள் சம்பளத்தில் வாடகை கொடுத்தோம், அந்தக் கேமராவும் அவள் பணம்தான். அவள் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. நானும் அவளை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை, மேடம், அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். ஆனால் அந்த வீட்டில் என் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது என்றால், அவள் பசியோடு தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில்தான். அது எனக்குப் பிடித்திருந்தது.

மிட்டாய் விஷயத்தைக் கேட்டீர்கள். அவள் பையில் எப்போதும் ஆரஞ்சு மிட்டாய் இருக்கும். நடுக்கம் வந்தால் போட்டுக்கொள்ள. பள்ளிக்கூட நாளிலிருந்து அப்படி. படத்துக்காகக் காத்திருக்கும்போது சில நாள் அவளுக்கு நடுக்கம் வரும், ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள், கையைத் திரும்ப நீட்டுவாள். ஒரு படத்தின் ஓரத்தில் அந்த மிட்டாய்க் காகிதம் விழுந்துவிட்டது. எத்தனை பம்பரைப் பார்த்த கண், அதைப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் சர்க்கரை டப்பாவே கிடையாது என்று பெருமையாக எழுதியிருந்த படம் அது. எவனோ ஒருத்தன் அந்த மூலையை வட்டம் போட்டு, "ஆரோக்கியச் சமையல்காரர் வீட்டு ரகசியம்" என்று எழுதிவிட்டான். நிறையப் பேர் சிரித்தார்கள்.

மறுநாள், அவசரத்துக்கென்று வீட்டில் இருந்த சர்க்கரைப் பொட்டலத்தை ராஜாமணி அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் பையில் இருந்த மிட்டாயை எடுத்துவிட்டுப் பாதாம் வைத்தேன். பாதாம் நல்லது. ஆனால் இறங்கின சர்க்கரையை அது உடனே ஏற்றாது என்பதும் எனக்குத் தெரியும்.

ஃபெபி பையைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தாள். பிறகு, "அப்போ படம் எடுத்தப்புறம் ஊசி போட்டுக்கறேங்க" என்றாள்.

"டாக்டர் சொன்னதை நீ மாத்துவியா?" என்று கேட்டேன். டாக்டர் சொன்னதில் பாதியை நானே மாற்றி வைத்திருந்தேன்.

அவள் சண்டைக்காரி இல்லை. அழவும் இல்லை. வேறு ஒரு வழி கண்டுபிடித்தாள். பஸ்ஸிலிருந்து போன் பண்ணி, "படம் எடுத்தாச்சா?" என்று கேட்பாள். வெறும் தட்டோடு முடித்துவிட்டு நான் ஆச்சு என்றால் ஊசி போட்டுக்கொள்வாள். இல்லை என்றால் வீட்டுக்கு வந்து, நான் எடுத்து முடித்த பிறகு போட்டுக்கொள்வாள். நல்ல ஏற்பாடுதான். அவள் உயிர் அந்த ஒரு பதிலில் நின்றது, அந்தப் பதிலை அவள் என்னிடம் ஒப்படைத்திருந்தாள். ஆனால் அதில் எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. ஊசி போடாத நாட்களில் அவளுக்கு அவசரம் இருக்காது. வந்ததும் பாயை விரித்து, "கொஞ்சம் கண்ணசந்துட்டு வரேங்க" என்று படுத்துவிடுவாள். எழுப்பினால் எழுந்திருக்க மாட்டாள். கை கிடைக்காது, வெளிச்சம் போய்விடும்.

ஊசி போட்டுக்கொண்டவள் படுக்க முடியாது. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

ஐப்பசி மழை நாளில் அது நடந்தது. செம்பரம்பாக்கம் நிரம்பிவிட்டது, தண்ணீர் திறக்கப் போகிறார்கள் என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. சிறுதானிய உணவுப் படப் போட்டி ஒன்றுக்கு அன்றுதான் கடைசி நாள். கொள்ளு ரசம் வைத்திருந்தேன். ஆவி பறக்கிற ரசம், மண் கிண்ணம், அதைப் பிடித்திருக்கும் ஒரு பெண்ணின் கை, பின்னால் மழை விட்ட வெயில். மனதுக்குள் படம் தயாராக இருந்தது. வெயில் மட்டும்தான் வர வேண்டும்.

போன் வந்தது. "இன்னாங்க, படம் எடுத்தாச்சா? ஊசி போட்டுக்கவா?"

"எடுத்தாச்சும்மா. போட்டுக்கோ" என்றேன்.

"அப்பாடா. இன்னிக்கு செம பசி" என்றாள். அவள் குரல் சந்தோஷமாக இருந்தது.

வந்து பார்த்தாள். தெர்மாகோல் அட்டை நின்றுகொண்டிருந்தது. கேமரா ஸ்டாண்டில் இருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நான் ஏதாவது பேசியிருப்பேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

மேகம் விலகவில்லை. விலகும் என்று தோன்றும், ஜன்னல் கொஞ்சம் வெளுக்கும், மறுபடி மூடிக்கொள்ளும். ரசம் ஆறிப்போய் ஆவி நின்றுவிட்டது. சூடு பண்ணிக் கொண்டுவந்தேன். மறுபடி ஆறியது. மறுபடி சூடு பண்ணினேன். சாமைச் சோறு பக்கத்திலேயே இருந்தது. ஒரு வாய் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். குவித்து வைத்தது கலைந்துவிடும் என்றேன். எழுந்து பையைத் திறந்து பாதாமை மென்றாள்.

ஒரு கட்டத்தில் கை நடுங்க ஆரம்பித்தது. ரசத்தில் அலை அலையாக வந்தது. எடுத்துப் பார்த்தேன், விரல்கள் கலங்கலாக விழுந்திருந்தன. ஷட்டர் வேகத்தைக் கூட்டினேன். அதற்குப் பிறகு நடுக்கம் படத்தில் தெரியவில்லை.

"பஸ்ஸு வந்துடுச்சா?" என்றாள். வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு.

"வந்துடுச்சு. கையை அசைக்காத" என்றேன்.

நர்ஸ் சொன்ன மூன்றாவது அறிகுறி அது. அப்போது எனக்கு அது ஞாபகம் வரவில்லை என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஞாபகம் வந்தது. இதோ வெயில் வந்துவிடும், ஒரே ஒரு படம், உடனே ஊட்டிவிடலாம் என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றின. அவள் புறங்கையில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

பிடி தளர்ந்தது. கிண்ணம் விழுவதற்குள் நான் பிடித்துவிட்டேன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. முதலில் கிண்ணத்தைத்தான் பிடித்தேன். அவள் மேசை ஓரத்தில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து மேகம் விலகியது. மழை கழுவிவிட்ட வெயில் நேராக மேசைமேல் விழுந்தது. கிண்ணத்தைப் பழைய இடத்தில் வைத்தேன், அவள் கையை அதன் பக்கத்தில் எடுத்து வைத்தேன், படம் எடுத்தேன். ஒன்று எடுத்து நிறுத்தவில்லை. வெயில் இருந்தவரை எடுத்தேன்.

பிறகு கூப்பிட்டேன். அவள் எழுந்திருக்கவில்லை. உடம்பு ஒரு மாதிரி வெட்டி இழுத்தது. நான் கத்தியிருக்க வேண்டும், ராஜாமணி அக்கா மேலே ஓடிவந்தார்.

"சக்கர எங்கப்பா? சக்கர எடு."

சர்க்கரை இல்லை என்றேன். அக்கா என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கீழே ஓடினார். நான் கொடுத்த பொட்டலத்தைத்தான் எடுத்துக்கொண்டு வந்தார். அவள் கன்னத்துக்குள் விரலால் தடவினார். தடவிக்கொண்டே, "துன்னுமா, கொஞ்சம் துன்னுமா" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். என் கையால் எத்தனையோ பண்டம் செய்திருக்கிறேன், அந்த நேரத்தில் அவளுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆட்டோவில் அவள் தலை என் மடியில் ஆடிக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சர்க்கரை ஏறியது, நினைவு திரும்பவில்லை. மூளைக்கு ரொம்ப நேரம் சர்க்கரை போகாமல் இருந்துவிட்டது என்றார் டாக்டர். மூக்கில் குழாய் போட்டு, சாப்பாடு என்று ஏதோ சாம்பல் நிறக் கரைசலை இறக்கினார்கள். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சில நாள் கழித்து அவள் போய்விட்டாள். கண்ணைத் திறக்கவே இல்லை.

அவள் தம்பி ஜெபர்சன் ஸ்டேஷனுக்கு உங்களிடம் புகார் கொடுக்க வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அடக்கம் முடிந்து அவள் பையை எடுத்துப் பார்த்திருக்கிறான். மிட்டாய் இருக்கும் இடத்தில் பாதாம் இருந்திருக்கிறது. "எங்கக்கா பையில மிட்டாய் இல்லாம நான் பாத்ததே இல்ல" என்று என்னிடம் கேட்டான். நான்தான் எடுத்தேன் என்று அவனிடமும் சொல்லிவிட்டேன். போனில் பொய் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அதை உங்களிடம்தான் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள். படம் எடுத்தாகிவிட்டது என்று நான் சொன்னதை நம்பித்தான் அவள் ஊசி போட்டுக்கொண்டாள். படத்துக்கு அவள் கை வேண்டும் என்றுதான் நான் அப்படிச் சொன்னேன்.

கேமரா உங்களிடம் இருக்கிறது. பார்த்திருப்பீர்கள். கடைசிப் படத்தில் வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது. போட்டிக்கு அனுப்பவில்லை, அனுப்பியிருந்தால் என்று சில சமயம் நினைத்துக்கொள்கிறேன். அதை அழித்துவிடாதீர்கள். அவள் கை இருக்கிற கடைசிப் படம் அது.

இன்னும் ஒன்றைத் திருத்த வேண்டும். அவள் கண்ணை மூடியதும் ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்தேன், அதனால்தான் எழுப்பவில்லை என்று டாக்டரிடம் சொன்னேன். ஜெபர்சனிடமும் சொன்னேன். பாஸ்டரிடம் சொன்னபோது அவர் கண் கலங்கிவிட்டார். "நம்முடைய சகோதரி ஜெபத்தில் கண்ணை மூடினாள், கர்த்தரிடத்தில் கண்ணைத் திறந்தாள்" என்று அடக்க ஆராதனையில் பேசினார். சர்ச்சே அழுதது. அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜெபத்துலயே போய்ட்டா எம்பொண்ணு, அது போதும்பா எனக்கு" என்றார். தினமும் காலையில் எழுந்ததும் நானும் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். சொல்லச் சொல்ல நிஜம்போலத்தான் இருக்கிறது. இங்கே வரும் வழியிலும் சொல்லிக்கொண்டுதான் வந்தேன்.

ஆனால் எங்கள் வீட்டில் ஜெபத்தை ஆரம்பிப்பது நான்தான், மேடம். நான் ஆரம்பிக்காமல் ஃபெபி கண்ணை மூட மாட்டாள். அன்றைக்கு நான் ஆரம்பிக்கவில்லை. படம் இன்னும் முடிந்திருக்கவில்லை.